மூச்சில் கலக்கும் வண்ணம்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், இடைப்பட்ட சிற்றூர்களிலும் நம் இல்லங்களில் ஓர் இனிய பரபரப்புக் காணப்படும். ஓராண்டுக் காலம் பரண்மேல் உறங்கிய குடில் பெட்டி கீழே இறங்கும். சூசையப்பர் சுரூபத்தின் மேலாடை வெளுத்திருக்கும், ஆட்டுக்குட்டிகள் பழுப்பேறியிருக்கும், மூன்று அரசர்களுள் ஒருவருடைய மகுடத்தில் பொன்னிறம் உதிர்ந்திருக்கும். அவற்றுக்குப் புதுவண்ணம் பூசுவது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒருங்கே மகிழ்ச்சி தரும் வேலையாகும்.

முன்பெல்லாம் இவ்வேலை தூரிகையால் நடைபெற்றது. இன்றோ, கடையில் விற்கும் தெளிப்பு வண்ணக் குப்பி வந்துவிட்டது. பித்தானை அழுத்தினால் போதும். பொன்னும் வெள்ளியும் மழைச்சாரலாகப் பொழிகின்றன. குடிலுக்கென்று வாங்கிய அதே குப்பியால் சைக்கிளும், சன்னல் கம்பியும், பூந்தொட்டியும் புதுக்கோலம் பெறுகின்றன. கைத்தொழிலில் ஆர்வமுள்ள இளைஞர் சிலர் சிறிய கம்பிரசரும் ஸ்பிரே கன்னும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நாள்களில் பழைய மோட்டார் சைக்கிளையும் பீரோவையும் புதுப்பிக்கின்றனர். சோம்பியிருத்தலினும் இது பன்மடங்கு நன்று. ஆயினும், இந்த நல்ல பொழுதுபோக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டிய கடமை நமக்கு உண்டு. குப்பியிலிருந்து புறப்படும் வண்ணம் முழுவதும் சுரூபத்தின்மேல் படிவதில்லை. படியாத பகுதி எங்கே செல்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மருத்துவர் கண்ட கருவி

வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியின் வரலாறு ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் வாழ்ந்த டாக்டர் ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் துளித்துளியாகச் செலுத்துவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தெளிப்பானை அமைத்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தைக் கையாண்டு 1907ஆம் ஆண்டில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். பின்னர் 1949ஆம் ஆண்டில் எட்வர்ட் செமோர் என்பவர் வண்ணத்தை அழுத்த வாயுவுடன் ஒரே குப்பியில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. திரவத்தை நுண்துளிகளாக உடைத்தால் அது மூச்சோடு எளிதில் உள்ளே சென்றுவிடும் என்பதனாலேயே அம்மருத்துவர் தெளிப்பானைத் தேர்ந்தெடுத்தார். மருந்துக்குத் திறக்கும் அதே வழி வண்ணத்துக்கும் திறக்கும்.

குப்பிக்குள் இருப்பவை நான்கு: நிறம் தரும் பொடி, அதனைப் பொருளோடு ஒட்டவைக்கும் பிசின், பிசினை இளக்கும் கரைப்பான், இவற்றையெல்லாம் வெளியே தள்ளும் வாயு. கரைப்பான் என்பது டொலுயீன், சைலீன், அசிட்டோன் போன்றவை. நாம் பொதுவாகத் ‘தின்னர்’ என்று அழைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. தள்ளும் வாயுவோ, பெரும்பாலான குப்பிகளில், நமது அடுப்பங்கரையில் எரியும் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த புரொப்பேனும் பியூட்டேனுமே ஆகும்.

உடலில் நடப்பது

நமது நுரையீரல்களில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பை மூடிவிடும். அவற்றின் சுவர் அத்துணை மெல்லியதாக இருப்பதனாலேயே காற்றிலுள்ள உயிர்வளி கணப்பொழுதில் குருதியில் கலக்கிறது. உயிர்வளிக்கு எளிதான அவ்வழி கரைப்பானின் ஆவிக்கும் எளிதானதே.

மூக்கு ஒரு நல்ல வாயிற்காவலன். பெரிய தூசியை மயிரும் சளியும் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் அக்காவலைக் கடந்து மூச்சுக்குழலில் இறங்குகின்றன. நானூறில் ஒரு பங்குக்கும் சிறியவை காற்றறைகள்வரை சென்று தங்கிவிடுகின்றன. வண்ணத் தெளிப்பில் எழும் மூடுபனியில் இவ்விருவகைத் துளிகளும் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் துளிகள் தரையில் விழுந்த பின்னரும் தெரியாதவை நெடுநேரம் காற்றில் மிதக்கின்றன. வாடை குறைந்துவிட்டது என்று நாம் எண்ணும் வேளையிலும் அவை அங்கேயே இருக்கக்கூடும்.

சாதாரணத் தெளிப்புத் துப்பாக்கியில், வெளியேறும் வண்ணத்தில் பாதிக்கு மேற்பட்டது பொருளில் படியாமல் வீணாவது இயல்பு. சன்னல் கம்பி போன்ற மெல்லிய பொருள்களில் இழப்பு இன்னும் மிகுதி. அது பணத்துக்கு இழப்பு. அருகில் நிற்பவருடைய மூச்சுக்கோ வரவு.

ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்தது

“இது தண்ணீர் கலந்த வண்ணம், நஞ்சு ஒன்றும் இல்லை” என்று சொல்வாருண்டு. அவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய நிகழ்ச்சி ஒன்று ஸ்பெயின் நாட்டில் நடந்தது. அங்கே அல்கோய் நகரைச் சுற்றிய பகுதி நெசவுத் தொழிலுக்குப் பேர்போனது. துணியில் பூவேலை அச்சிடுவதற்கு ‘அக்ரமின்’ என்னும் நீர்வழி வண்ணக் கலவையை அங்குள்ள சிறு பட்டறைகள் பயன்படுத்தின. அவ்வகைக் கலவை துணியில் தடவிப் பூசப்பட்டவரை யாருக்கும் பெருந்தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. பின்னர்ச் சில பட்டறைகளில் அதனைத் துப்பாக்கியால் தெளிக்கத் தொடங்கினார்கள். 1992ஆம் ஆண்டில் அங்கு வேலைசெய்த இளம் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக இருமலாலும் மூச்சுத்திணறலாலும் வீழ்ந்தனர். நுரையீரலின் காற்றறைகள் தழும்பேறி இறுகின. ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் சிலர் வேலைசெய்த பட்டறையின் பெயரால் அந்நோய் இன்றும் ‘ஆர்டிஸ்டில் நோய்’ என்று மருத்துவ நூல்களில் வழங்குகிறது. அல்ஜீரியாவிலும் அதே வகைக் கலவையைத் தெளித்தவர்களுக்கு அந்நோய் கண்டது.

நாம் வீட்டில் வாங்கும் குப்பியில் அந்தக் கலவை இருக்கிறது என்று சொல்லி யாரையும் அச்சுறுத்த விரும்பவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி நிலைநாட்டிய உண்மை எல்லா வண்ணத்துக்கும் பொருந்தும். தொட்டாலும் தோலில் பட்டாலும் தீங்கு செய்யாத பொருள், நுண்துளியாகி நுரையீரலை அடையும்போது தீங்கு செய்யக்கூடும். டப்பாவின்மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து நாம் அமைதியடைதல் ஆகாது. அது எந்த உருவில் நம்மை வந்தடைகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

நால்வகைத் தீங்கு

முதலாவது, மேலே கூறிய மூடுபனி. மூச்சுக்குழலை உறுத்தி இருமலையும் இழுப்பையும் தூண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரே ஒரு முறை தெளிப்பதும் போதும், அன்றிரவு உறக்கம் கெடும்.

இரண்டாவது, கரைப்பானின் ஆவி. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். ‘வாடை தலைக்கேறிவிட்டது’ என்று நாம் வேடிக்கையாகச் சொல்வது உண்மையிலேயே மூளையில் நடப்பதாகும். இவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோரமாகப் பரவி, தொலைவிலுள்ள அடுப்பிலோ குடிலின் மெழுகுவர்த்தியிலோ பட்டுத் தீப்பற்றவும் கூடும்.

மூன்றாவது, ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள். மோட்டார் வாகனங்களுக்குப் பளபளப்பூட்டும் சிலவகை வண்ணங்கள் இரண்டு டப்பாக்களாக விற்கப்படுகின்றன. இரண்டாவதை ‘ஹார்டனர்’ என்பர். அதில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். 1984 டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் போபால் நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட் இதே இனத்தைச் சேர்ந்தது. வண்ணத்திலுள்ள வகை அதைப்போல் விரைந்து ஆவியாவதில்லை; எனினும் தெளிக்கும்போது துளியோடு துளியாக நுரையீரலை அடைகிறது. ஒருவருடைய உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் கடும் ஆஸ்துமாவை எழுப்பும். கரிக்குப்பி பொருத்திய முகமூடியைப் பெரிதும் நம்பி இதனைத் தெளித்தல் கூடாது. குழாய்வழியே தூய காற்றை வெளியிலிருந்து பெறும் முகமூடியும், தனி அறையும் வேண்டும். ஆகவே ஹார்டனர் கலந்து தெளிக்கும் வண்ணம் வீட்டுப் பொழுதுபோக்குக்கு உரியதன்று என்று உறுதியாகக் கூறுவோம்.

நான்காவது, பழைய வண்ணத்திலுள்ள ஈயம். நமது நாட்டில் வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்னும் விதி 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசப்பட்ட இரும்புக் கதவிலும், பாட்டனார் காலத்துச் சுரூபத்திலும் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். புதுவண்ணம் தெளிக்குமுன் பழையதை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அந்த ஈயம் தூசியாக எழுகிறது. அது பெரியவர்களுக்குத் தீங்கு. வளரும் குழந்தைகளின் மூளைக்கோ மீளாத் தீங்கு.

நம் ஊரும் நம் பருவமும்

மேல்நாட்டு நூல்கள் ‘திறந்த வெளியில் தெளியுங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நமக்கோ குடில் வேலை வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். வெளியே தூறல், முற்றத்தில் சேறு. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு கூடத்திலேயே தெளிக்கும் வழக்கம் வந்துவிடுகிறது. மூடிய அறையில் ஐந்து நிமிடம் தெளித்தாலும் ஆவி பல மணிநேரம் தங்கிவிடும். அதே கூடத்தில் அன்றிரவு பாய் விரித்துக் குழந்தைகள் உறங்குகின்றனர். இவ்வழக்கமே நம் வீடுகளில் பெரிய ஆபத்து.

2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்துக்குப்பின் துருப்பிடித்த பீரோவும் சைக்கிளும் கதவும் வண்ணம் பூசக் காத்திருப்பது இயல்பு. ஈரம் உலராத வீட்டில், சன்னலையும் சாத்திக்கொண்டு அவ்வேலையில் இறங்குதல் இரட்டைத் தவறாகும். ஈரக் காற்றில் தெளித்த வண்ணம் வெண்படலம் பூத்துப் பாழாகும், மூச்சும் கெடும். நான்கு நாள் வெயிலுக்குக் காத்திருப்பது பொருளுக்கும் நன்று, நெஞ்சுக்கும் நன்று.

நம் மாவட்டம் பொம்மைக் கலைக்குப் புதியதன்று. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோயில்பட்டில் காகிதக் கூழும் கிழங்கு மாவும் கொண்டு விநாயகர் சிலைகள் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. நமக்குச் சில நாள் மகிழ்ச்சியாக இருப்பது அவர்களைப் போன்றோர்க்குப் பல மாத உழைப்பு. ஆதலின் இங்கே கூறுவன அவர்களுக்கும், நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் வண்ணம் தெளிக்கும் இளைஞர்களுக்கும் பன்மடங்கு பொருந்தும்.

செய்யவேண்டியவை

தூரிகையால் முடியும் வேலையைத் தூரிகையாலேயே செய்க. கைக்குள் அடங்கும் சுரூபத்துக்குத் தெளிப்பு தேவையே இல்லை. தூரிகையால் பூசினால் மூடுபனி எழுவதில்லை. முகபாவமும் செம்மையாக அமையும்.

தெளித்தே ஆகவேண்டுமாயின் வீட்டுக்கு வெளியே தெளிக்கவும். மழை பெய்தால் மூன்று பக்கம் திறந்த கொட்டகையோ மாட்டுத் தொழுவமோ போதும். திண்டிவனம் என்பது புளியங்காடு என்னும் பொருள்பட வந்த பெயர் என்பர். ஒரு புளியமரத்து நிழல் கிடைத்தால் அதனினும் நல்ல பட்டறை வேறில்லை. தெளிக்குமுன் ஒரு நூலைத் தொங்கவிட்டுக் காற்றின் திசையை அறிக. காற்று எதிரே வந்தால் மூடுபனி முகத்தில் மோதும். நேர் முதுகில் வந்தாலோ உடலின் முன்புறம் சுழன்று மீண்டும் முகத்துக்கே வரும். காற்று பக்கவாட்டில் செல்லுமாறு நிற்பதே நலம். குப்பியை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் பிடித்து, விட்டுவிட்டு அழுத்துக.

முகமூடியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். கைக்குட்டையும் துண்டும் பெரிய துளிகளை மட்டுமே தடுக்கும். மருத்துவமனைகளில் அணியும் துணிபோன்ற முகக்கவசத்தின் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக்குப்பின் நாம் எல்லாரும் அறிந்த ‘என்95’ கவசம் நுண்துகளில் 95 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதனை அணிந்தும் தின்னர் வாடை வருவது இதனாலேயே. ஆவியையும் துகளையும் ஒருங்கே தடுப்பது, இருபுறமும் கரிக்குப்பிகளும் அவற்றின்மேல் துகள் வடிகட்டியும் பொருத்திய ரப்பர் முகமூடியாகும். ‘ஆர்கானிக் வேப்பர்’ வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

அக்கரி நமக்கு அயலானதன்று. கொட்டாங்கச்சியைச் சுட்டுப் பதப்படுத்திய கரி இதற்கு மிகச் சிறந்தது. முதல் உலகப்போரில் நச்சுப்புகைக்கு எதிராகக் கவசம் செய்ய, 1918ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களிடம் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேகரித்தார்கள். அக்கரியின் எண்ணற்ற நுண்துளைகள் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளைகள் நிரம்பிவிட்டால் அது வேலை செய்யாது. உள்ளே வாடை வந்தவுடன் வெளியேறிக் கரிக்குப்பியை மாற்றுக. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் இட்டு மூடுக; இல்லையேல் அலமாரியில் இருந்தவாறே தீர்ந்துவிடும். அணிந்தபின் இரு குப்பிகளையும் உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்தால் முகமூடி முகத்தோடு ஒட்டவேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

பழைய வண்ணத்தை நீர் தொட்டு ஈரமாகவே தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்தெடுக்கவும். துடைப்பத்தால் பெருக்கவேண்டாம். அருகில் விளக்கோ பீடியோ அடுப்போ இருத்தல் ஆகாது. குழந்தைகள், கருவுற்ற தாய்மார், ஆஸ்துமாக்காரர் ஆகியோர் அங்கே நிற்றலும் ஆகாது. தெளித்த பொருள் வாடை முற்றும் போகும்வரை வெளியிலேயே உலரட்டும். வெறுங்குப்பியை வெயிலில் போடாதீர். எரியும் குப்பையில் எறியாதீர், வெடிக்கும்.

மருத்துவரிடம் சொல்லவேண்டியது

தெளிக்கும்போது தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுத் திறந்த வெளிக்குச் செல்க. மூச்சுத்திணறல் சில வேளைகளில் பல மணிநேரம் கழித்து, இரவில் வரும். அது மிகுந்தால் காலைவரை காத்திராமல் 108 ஊர்தியை அழைக்கவும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. செல்லும்போது அந்த வண்ணக் குப்பியையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று. உள்ளே இருந்தது என்ன என்பதை மருத்துவர் அறிய உதவும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமட்சீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். வண்ணம் தீட்டுவோரின் நோய்களும் அதில் இடம்பெற்றன. நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேட்டறிய வேண்டும் என்று அவர் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். இக்காலத்தில் பொழுதுபோக்கையும் சேர்த்துக் கேட்கவேண்டும். எழுத்தர் வேலை பார்ப்பவர் இருமலோடு வந்தால், ஞாயிறுதோறும் அவர் மோட்டார் சைக்கிளுக்கு வண்ணம் தெளிப்பதை எந்த மருத்துவர் ஊகிப்பார்? கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடவேண்டும்.

“பட்டறைக்காரர் இருபது ஆண்டாகத் தெளிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்பாருண்டு. புகைபிடித்தும் நெடுநாள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் புகையிலை நல்லதாகிவிடாது. உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வண்ணம் பூசுவதையே தொழிலாகக் கொண்டிருத்தல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 1989ஆம் ஆண்டிலேயே முடிவு கூறியது. நுரையீரல் புற்றுநோய் அதில் முதன்மையானது. எப்போதேனும் ஒரு முறை தெளிப்பவருக்கு அத்தகைய ஆபத்து மிகக் குறைவே. ஆனால் நம் வீட்டுக் கதவுக்கு வண்ணம் தெளிக்க வரும் தொழிலாளி அதனை நாள்தோறும் செய்கிறார். அவருக்கு முகமூடி கொடுத்தோமா என்று கேட்பது கூலி கொடுத்தோமா என்று கேட்பதற்கு நிகரான கடமையாகும்.

இறுதியாக, பங்கு இளைஞர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கோவில் குடிலுக்கு வண்ணம் வாங்கும்போதே பொதுவில் இரண்டு நல்ல முகமூடிகளையும் மாற்றுக் கரிக்குப்பிகளையும் வாங்கிவைத்தால் ஒரு வீட்டின் செலவு பல வீடுகளுக்குப் பயன்படும். கழுவித் துடைத்துப் பையிலிட்டு, தேவைப்படும் குடும்பங்களுக்கு இரவல் கொடுக்கலாம். வாத்தியங்களையும் பந்தல் துணியையும் அவ்வாறு பகிர்ந்துகொள்ளும் நாம் இதனையும் பகிர்ந்துகொள்ள முடியாதா? குடிலின் அழகை ஒரு மாதம் கண்டு மகிழ்வோம். அதனை அமைத்த பிள்ளைகளின் நெஞ்சோ ஓர் ஆயுட்காலம் உழைக்கவேண்டியது.